ஏற்காட்டு விண்டோஸிலிருந்து சேலத்து மேக்குக்கு: கோப்புகளை எந்த வழியில் கொண்டுவருவது?

ஏற்காட்டில் சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கரில் காபியும் மிளகும் இருக்கின்றன. கூலிப் பதிவேடு, பழம் பறிப்புக் கணக்கு, கடிதங்கள், இருபது வருஷத்துப் படங்கள் எல்லாம் ஒரு பழைய மேசைக் கணினியில், விண்டோஸ் 7-இல் கிடக்கின்றன. போன வருஷம் வரை அவரே பார்த்துக்கொண்டார். இப்போது கணக்கைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அவள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில், வைத்திருப்பது ஆப்பிளின் மேக்புக் ஏர். மலையில் இருக்கிற 140 ஜிபி கீழே வர வேண்டும், வந்தபின் திறக்கவும் வேண்டும்.

"அண்ணா, ஒரு பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். எடுத்து வந்துவிடலாம். ஆனால் கோப்பு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போவது இதில் சுலபமான பகுதி. அங்கே போய்த் திறக்கிறதா, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வேலையில் பெரும்பங்கைப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் உட்கார்ந்தே முடிக்க வேண்டும். கோப்பைத் திறக்கத் தேவையான எழுத்துருவும் மென்பொருளும் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் இதே யோசனையில் இன்னும் பல வீடுகள் இருக்கும். நாங்கள் எந்தெந்த வழிகளை யோசித்தோம், எதை ஏன் எடுத்தோம், எதை விட்டோம் என்று எழுதி வைக்கிறேன்.

கொண்டுவரும் வழிகள்

முதலில் பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். ஆனால் அந்த டிஸ்க் எந்த வடிவத்தில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கக்கூடாது. பழைய பென்டிரைவ்கள் பல ஃபேட் 32-இல் இருக்கும். அதை எல்லாக் கணினியும் படிக்கும், எழுதும், ஆனால் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோ ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்த வடிவம். மேக் அதைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் வடிவத்தைத் தனி மென்பொருள் இல்லாமல் விண்டோஸ் படிக்காது. இரண்டு பக்கமும் படிக்கவும் எழுதவும் வேண்டுமானால் எக்ஸ்ஃபேட்தான். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது, விண்டோஸ் 7 முதல் இன்றைய மேக் வரை எதற்கும் தனி மென்பொருள் வேண்டாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸிலிருந்து மேக்குக்கு ஒருவழிப் பயணம் மட்டும் என்றால், கையில் இருக்கிற என்டிஎஃப்எஸ் டிஸ்க்கே போதும். மேக் அதிலிருந்து படித்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே படங்கள் நிறைந்த டிஸ்க்கை, "மேக்குக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழித்து எக்ஸ்ஃபேட் ஆக்கத் தேவையில்லை.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுதும்போது நடுவில் அறுந்தால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உதவும் குறிப்பேடு அதில் கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸிலும் ஏபிஎஃப்எஸ்ஸிலும் அந்த விஷயத்தில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. மழைக்காலத்தில் ஏற்காட்டில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால் நகலெடுக்கும்போதே நின்றுவிடும். அதனால் 140 ஜிபியையும் ஒரே இழுப்பில் போடாமல், கோப்புறை கோப்புறையாகப் போடுங்கள். முடிந்ததும் இஜெக்ட் கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்கள், மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் படங்களைக் கொடுத்தார்கள். அதை வீட்டு விண்டோஸில் செருகினேன். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?' என்ற பொருளில் கேட்டது. டிஸ்க் புதிது, அதனால்தான் கேட்கிறது என்று நினைத்துச் சம்மதம் கொடுத்துவிட்டேன். மீட்டுத் தருபவர்களிடம் கொண்டுபோனதில் பாதிப் படங்கள்தான் திரும்பின. தாத்தா இருந்த கடைசிக் கல்யாணம் அது. விண்டோஸ் அப்படிக் கேட்டால், 'எனக்கு இந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரியவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்சல் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது வழி, இரண்டு கணினிகளையும் ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது. வீட்டு வைஃபையிலும் செய்யலாம், லேன் கேபிளிலும் செய்யலாம். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தால் ரௌட்டர்கூட வேண்டாம், ஒரே கேபிளை இரண்டுக்கும் நடுவில் செருகினால் பேசிக்கொள்ளும். மேக்புக் ஏருக்கு யுஎஸ்பி-சி லேன் அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். வேகம் நன்றாக இருக்கும். கிகாபிட்டில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும், அந்தக் கணக்கில் 140 ஜிபி அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நிஜத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் அவ்வளவு வேகமாகப் படித்துத் தராது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் இன்னும் மெதுவாகும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதிகம். அதில் இதே அளவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் கணினியில் யுஎஸ்பி 3.0 போர்ட் இல்லாததால் கேபிள் வழியைத் தீவிரமாகவே யோசித்தோம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சித்தப்பா கணினிக்குக் கடவுச்சொல் வைத்ததே இல்லை, பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. மேக் திரும்பத் திரும்பப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், எதைக் கொடுத்தாலும் மறுக்கும். விண்டோஸில் அந்தக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வைத்தால் போதும், அப்புறம் கதவு திறந்துவிடும். இரண்டு கணினிகளும் புதியவை என்றால் லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் வைஃபையில் அனுப்பும். ஆப்பிளின் ஏர்டிராப் விண்டோஸோடு பேசாது.

மூன்றாவது, கிளவுட். கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி, ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5 ஜிபி. காசு கொடுத்து இடம் வாங்கிவிடலாம், சிக்கல் மேலேற்றும் வேகத்தில்தான். நொடிக்கு 10 மெகாபிட் கிடைக்கிற இணைப்பில் 140 ஜிபி ஏற 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தால். சேலத்தில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு இது ஒரு ராத்திரி வேலை. மலையில் எங்களுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டோம். ஆனால் மாற்றம் முடிந்தபின், தினமும் புழங்கும் பத்துப் பதினைந்து கோப்புகளை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்திருக்க கிளவுட்தான் சரி. கூலிப் பதிவேட்டை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். சித்தப்பா மலையில் செல்போனில் திறந்து பார்க்கிறார், தங்கை கீழே பதிவு போடுகிறாள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் சிலர் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு கோப்பு என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தைப் படமாகவே அனுப்பினால் சுருங்கும், எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் போய்விடும். குடும்பப் படச் சேகரிப்பை அந்த வழியில் நகர்த்தவே கூடாது.

நான்காவது வழி, ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி எடுத்து வருவது. கணினி ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் இதுதான் வழி. சாட்டா-யுஎஸ்பி அடாப்டர் ஒன்றில் மாட்டி மேக்கில் செருகினால், என்டிஎஃப்எஸ் என்பதால் அப்படியே படிக்கும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் வேண்டும், அடாப்டர் வாங்கும்போது அதற்கான பவர் சப்ளையோடு வருகிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் சின்ன டிஸ்க்குக்கு அது தேவையில்லை. டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் இந்த வழி உதவாது. உயிரோடு ஓடும் கணினியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி வருவதை நான் சொல்லமாட்டேன். காரணம் கீழே வருகிறது.

ஆப்பிளின் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் விண்டோஸிலிருந்தும் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் இருபது வருஷத்துக் குப்பையும் சேர்ந்தே வரும். தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவது நல்லது.

திறக்குமா என்பது

வேர்டு, எக்செல், பிடிஎஃப், ஜேபெக் படங்கள், எம்பி3, எம்பி4 ஆகியவற்றை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, மேக்கில் அப்படியே திறக்கும். எக்செலில் மேக்ரோ எழுதியிருந்தால் பெரும்பாலும் ஓடும், ஆக்டிவ்எக்ஸ் பொத்தான் வைத்திருந்தால் ஓடாது. தங்கை மேக்கில் பேஜஸிலோ நம்பர்ஸிலோ ஏதாவது தயாரித்தால், சித்தப்பாவுக்கு அனுப்பும் முன் வேர்டு, எக்செல் வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அவளுடைய ஐபோன் படங்களில் இதுவே தலைகீழாக நடக்கும். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் ஹெச்இஐசி வடிவத்தில் எடுக்கிறது, பழைய விண்டோஸ் அதைத் திறக்காது. கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் அன்றிலிருந்து ஜேபெக்தான்.

தோட்டக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் மேக்குக்கு மாறுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். டேலி விண்டோஸில் ஓடுவதற்கென்று எழுதியது. புதிய எம் வகைச் சில்லு மேக்குகளில் விண்டோஸைத் தனியாக நிறுவும் பூட்கேம்ப் வசதியும் இல்லை. டேலியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, வேண்டிய அறிக்கைகளை எக்செலாக எடுத்துக்கொள்வதுதான் என் யோசனை.

இப்போது தமிழ். எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது இதில்தான். சித்தப்பாவின் கடிதங்கள், கூலிப் பதிவேட்டில் ஆட்களின் பெயர்கள், எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. சேலத்தில் டிடிபி வேலை கற்றவர்கள் பலருக்கும் பாமினி, வானவில், செந்தமிழ் என்ற பெயர்கள் பழக்கம். இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிகிற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். நகலெடுத்ததில் பிழை ஒன்றும் இருக்காது, ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வந்து மேக்கில் நிறுவுவது. ட்ரூடைப் எழுத்துரு என்றால் இரண்டு கிளிக் போதும், பழைய கடிதம் பழையபடியே தெரியும். படித்துப் பார்க்க மட்டும் வேண்டிய கோப்புகளுக்கு இது போதும். அவற்றைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப்பாக எடுத்தும் வைத்துவிடலாம், அதுவே இன்னும் பத்திரம். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்துவிடும், எங்கும் திறக்கும்.

இரண்டாவது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுவது. இனியும் திருத்தப் போகிற, தேடப் போகிற கோப்புகளுக்கு இதுதான் வழி. பாமினிப் பதிவேட்டில் 'முருகன்' என்று யூனிகோடில் தட்டித் தேடினால் எதுவும் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசைக்குப் போகும். யூனிகோடில் மாற்றியபின் இரண்டும் சரியாகும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பல பழைய எழுத்து முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வரிக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், கன்வெர்ட்டருக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. சித்தப்பா காபி வாரியத்துக்கு எழுதிய கடிதங்களில் உர மருந்துகளின் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிட்டன. சரியான சொல் எது என்று தெரிந்துகொள்ள, மூலக் கோப்பைப் பக்கத்தில் பாமினியில் திறந்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஓடும் கணினியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி வர வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். எழுத்துரு, கன்வெர்ட்டர், வேர்டு மூன்றும் அந்த ஒரே கணினியில் வேலை செய்யும் நிலையில் இருந்தன. அவற்றைப் புதிதாகச் சேர்ப்பது பெரிய பாடு.

சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, அந்தப் பழைய ஆளுங்க பேரு மட்டும் மாறிடாம பாத்துக்கோ" என்றார். அந்தப் பதிவேட்டில் இப்போது உயிரோடு இல்லாத பலரின் பெயர்கள் இருக்கின்றன. மாற்றிய நகலை வேறு பெயரில் சேமித்தோம். மூலத்தைத் தொடவில்லை.

அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள் இன்னும் கஷ்டம். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்குப்பின் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது, புதிய பதிப்புகள் திறப்பதில்லை. லிப்ரேஆஃபிஸ் டிரா ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு கலைந்துதான் வரும். பேஜ்மேக்கர் ஓடுகிற கணினி இருக்கும்போதே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.

யூனிகோடிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்கள் மேக்கோடு வருவதில்லை. மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் இருக்கும். படிப்பதில் சிக்கல் இல்லை, ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் பக்கம் உடையும் இடம் மாறும். இரண்டு பக்கமும் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி அதிலேயே எழுதுவது என்று முடிவு செய்தோம். எக்செலிலிருந்து சிஎஸ்வியாகச் சேமித்தால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'தோட்டம்' என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறை பிரித்தே வைக்கும், விண்டோஸ் அடித்தபடி வைக்கும். கண்ணுக்கு ஒன்றேதான், சில மென்பொருள்களுக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஜிப் செய்து அனுப்பினால் சில நேரம் தமிழ்ப் பெயர் மொத்தமும் கலங்கிப்போகும். இதற்காக ஆங்கிலப் பெயருக்கு மாற எனக்கு மனம் வரவில்லை. ஜிப் செய்யாமல் கோப்புறையாகவே நகலெடுத்தோம், எல்லாப் பெயரும் சரியாக வந்தது. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி இருக்கக்கூடாது. தேதியை 12/5 என்று பெயரில் எழுதாமல் 12-5 என்று எழுதினால் போதும்.

எங்கள் முடிவு

யூனிகோடு மாற்றமும் பிடிஎஃப் எடுப்பதும் ஏற்காட்டிலேயே முடிந்தன. பிறகு, சித்தப்பாவிடம் ஏற்கெனவே இருந்த என்டிஎஃப்எஸ் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றினோம். கேபிள் வேகமானதுதான், ஆனால் டிஸ்க்கில் ஏற்றினால் கூடவே ஒரு காப்பு நகலும் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் காத்திருப்பது மேல் என்று நினைத்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்வரை தங்கை அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

அஸ்தம்பட்டியில் மேக்கில் செருகியதும் அவளுக்கு ஒரு பயம். விண்டோஸில் 140 ஜிபி என்று காட்டியது மேக்கில் 150 ஜிபி என்று காட்டியது. எதுவும் கூடவில்லை. விண்டோஸ் 1,024-ஆல் பெருக்கி எண்ணுகிறது, மேக் 1,000-ஆல் எண்ணுகிறது. இரண்டிலும் பைட் எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட்டால் குழப்பம் இருக்காது. நாங்கள் ஒவ்வொரு கோப்புறையிலும் கோப்பு எண்ணிக்கையையும் பைட்டையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்தோம்.

பழைய கணினியை இன்னும் அழிக்கவில்லை. இந்தப் பழம் பறிப்புப் பருவம் முழுக்க மேக்கிலேயே கூலி போட்டு, ஒரு முழுக் கணக்கு முடிந்த பிறகுதான் அதைத் தொடுவது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பேஜ்மேக்கரில் இன்னும் பதினொரு கோப்புகள் பாக்கி. அடுத்த ஞாயிறு மேலே போகிறேன்.